ரத்தம் கொடுத்தவருக்குக் கொடுத்த பை

முதலில் மாறியது என் பெல்ட். ராணுவத்திலிருந்து வந்த பிறகும் அதே அகலமான பெல்ட்டைத்தான் கட்டிவந்தேன். பல வருடம் அது ஒரே துளையில் நின்றது. பிறகு ஒரு மழைக்காலத்தில் துளை துளையாக வெளியே நகர்ந்தது. கை கால்கள் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் முன்னால் வந்தது. மட்டாஞ்சேரியில் நான் கணக்கு எழுதும் மிளகு குடோனில், "பட்டாளத்துக்காரருக்குப் பென்ஷன் நல்லா ஒட்டுது" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். முன்னாள் படைவீரர் பாலிகிளினிக் டாக்டர் என்னைப் படுக்கவைத்து, வயிற்றின் ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் கை வைத்துப் பார்த்தார். "இது கொழுப்பு இல்லை, தண்ணீர்" என்றார்.

பட்டாளத்திலிருந்து வந்து, கையில் கேன்டீன் அட்டையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்காக அல்ல. என்னிடமே அது அதிகம் இல்லை. என்னவெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்து சிரோசிஸ் என்று எழுதினார்கள். காயம் ஆறும்போது தோல் கெட்டியாகித் தழும்பாகிறதல்லவா, ஈரல் முழுக்க அப்படியாகிவிடுவதுதான் அது. மென்மையான ஈரலில் சுலபமாக ஓடிய ரத்தம், கெட்டியான ஈரலில் நுழைய முடியாமல் பின்னால் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் வயிற்றுக்குள் நீர் கசிகிறது. உணவுக்குழாயின் அடியில் ரத்தக்குழாய்கள் புடைத்து நிற்கின்றன. அவை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். தழும்பு மறுபடி ஈரலாகாது. குடிக்காமல் இருந்தால், மிச்சமிருக்கும் கொஞ்சம் வேலை செய்யும். மருந்துகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் தெருவில் விழுந்து கிடந்தவன் அல்ல. பனி மூடிய போஸ்ட்டில் இருந்தபோது சாயங்காலம் ரம் கொடுப்பார்கள். அதை யாரும் குடி என்று சொல்லமாட்டார்கள், ரேஷன் என்பார்கள். ஊருக்கு வந்த பிறகும் நான் அதை ரேஷனாகவே நடத்தினேன். குறித்த நேரம், குறித்த கிளாஸ், உளறல் கிடையாது, கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பேன். இந்த ஒழுங்கு எதுவும் ஈரலுக்குத் தெரியவில்லை.

நிறுத்த வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. யாரோ சொல்லி, குடியை நிறுத்தியவர்கள் கூடும் ஓர் இடத்துக்குப் போனேன். ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மாடி. அங்கே இரண்டு விதிகள். உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே பார்த்த ஆளைப் பற்றி வெளியே, வீட்டில்கூட, வாய் திறக்கக் கூடாது.

அங்கேதான் ராஜனைப் பார்த்தேன். தோப்பும்படிக்காரர், மலையாளி. பீரங்கிப் படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். தமிழ் ஆட்கள் நிறைந்த யூனிட்டில் பல வருடம் கழித்ததால் தமிழ் பேசுவார், தமிழில் நன்றாகத் திட்டவும் செய்வார். நான் ஹவில்தார் கிளார்க்காக இருந்தவன் என்று கேட்டதும் என் பெயரை விட்டுவிட்டார்.

"கிளார்க் சாப், சண்டையில உங்க பேனா முள்ளு உடைஞ்சா அதுக்கு மெடல் தருவாங்களா?"

"பேனா இல்லாம உங்களுக்குச் சம்பளம் வந்திருக்காது ராஜன்."

"அது சரியாணு. சம்பளம் வராம இருந்திருந்தா நான் குடிச்சிருக்கவும் மாட்டேன். எல்லாம் நீங்க செஞ்ச வேல."

எப்படி இத்தனை காலம் தொடாமல் இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நான் நிறுத்தவே இல்ல சாப். இன்னிக்கி இன்னும் குடிக்கல, அத்ரதான்" என்றார். எனக்குக் கை நடுங்கும் சாயங்காலங்களில் அவருக்குத்தான் போன் செய்வேன். அவர் ஆலுவாவில் ஒரு லாரி கம்பெனியில் காவல் வேலையில் இருந்தார். பின்னணியில் லாரி உறுமும். அவர் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், நேரம் கடந்துவிடும். இவரால் முடிகிறது என்றால் என்னாலும் முடியும் என்று நினைத்தேன். என் நம்பிக்கை முழுவதையும் அந்த ஓர் ஆள்மேல் வைத்திருந்தேன்.

என் மனைவி செல்விக்கும் மகள் திவ்யாவுக்கும் அவர் "பட்டாளத்து ஃபிரண்டு". அதற்கு மேல் நான் சொல்லவில்லை. விதி அது.

இந்த இடத்தில் கோட்டாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்னாள் படைவீரனுக்கு மாதாமாதம் கேன்டீனில் குறைந்த விலையில் மது பாட்டில்கள் உண்டு. வாங்காவிட்டால் அந்த மாதத்து உரிமை அந்த மாதத்தோடு போய்விடும். குடிக்காதவன்கூட அதை விடமாட்டான். எங்கள் தெருவில் அந்தப் பாட்டிலை யாரும் குடிக்கிற பொருளாக மட்டும் பார்ப்பதில்லை, நன்றி சொல்லும் வழியே அதுதான். கூரை ஓடு மாற்றியவர், அடைத்த குழாயைத் திறந்தவர், அவசரத்துக்கு ஆட்டோ எடுத்தவர், எல்லோருக்கும் ஒரு பாட்டில். கூலி வேறு, இது வேறு. பணத்தை நீட்டினால் "அய்யே, வேண்டா சேச்சி" என்று பின்வாங்குகிறவர், தாளில் சுற்றிய பட்டாளத்துச் சரக்கைக் கண்டால் மலர்ந்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து செல்வி அப்படித்தான் இந்த வீட்டை நடத்தினாள்.

நான் குடியை நிறுத்திய பிறகும் கோட்டா வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கிவந்து அவளிடம் கொடுப்பேன். அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொள்வாள். "வீட்டில் மது இருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டபோது இருவரும் இல்லை என்றோம். பொய் சொன்னதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு அது மண்ணெண்ணெய் போல ஒரு வீட்டுச் சாமான்.

ரத்தக்குழாய் வெடித்தது குடோனில், வேலை நேரத்தில். முந்தின நாளே மலம் தார் போலக் கறுத்துப் போனது. உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது அப்படிப் போனால் உடனே கிளம்புங்கள். கை கழுவும் தொட்டியில் குனிந்தேன், தொட்டி சிவந்தது. வலி இல்லை. குடோன் ஆட்கள் செல்வியை வரவழைத்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோ பாலத்தைத் தாண்டியபோது அவள் என் வாய்க்கடியில் துண்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மிண்டாதீங்க, மிண்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பேசவே இல்லை.

எர்ணாகுளம் பக்கத்து ஆஸ்பத்திரி. பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, அதன் வழியே கேமரா பொருத்திய குழாயை இறக்கினார்கள். அதுதான் எண்டோஸ்கோபி. புடைத்த குழாய்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி இழுத்து, அடியில் சின்ன ரப்பர் வளையம் போட்டு இறுக்குகிறார்கள். இரண்டு முறை குமட்டியதும் ஒரு நர்ஸ் என் காதைப் பிடித்துத் தடவியதும் நினைவிருக்கிறது. பிறகு ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றிய ரத்தத்துக்கு ஈடாக ஆட்களைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். செல்வி என் போனில் தேடி "ராஜன் பட்டாளம்" என்ற பெயரை அழைத்திருக்கிறாள். அவர் இன்னும் மூன்று முன்னாள் படைவீரர்களைக் கூட்டிக்கொண்டு, ஷூவெல்லாம் போட்டு, அணிவகுப்புக்கு வருவதுபோல வந்தாராம்.

அடுத்த நாள் செல்வி எனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னாள். "பாவங்கள், நாலு பேரும் வேலைய விட்டுட்டு வந்தாங்க. நான் யாரையும் வெறுங்கையோட அனுப்பல, கேட்டீங்களா? பீரோ சாவியக் குடுத்துத் திவ்யாவ வீட்டுக்கு விட்டு எடுத்துட்டு வரச் சொல்லி, ஆளுக்கொண்ணு பையில போட்டுக் குடுத்தேன். மேல சிப்ஸ் பாக்கெட்டும் வச்சேன்."

இதை நான் கேட்டேன். கேட்ட நினைவு தெளிவாக இருக்கிறது. ஆனால் அது என் மூளையில் எங்கும் போய்ச் சேரவில்லை. ஈரல் சுத்தம் செய்யாத அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்கு ஏறினால் மனிதன் விழித்தபடியே மங்கிப்போகிறான். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார் டாக்டர். என் கைகள் பறவையின் சிறகு போலத் தட்டித் தட்டி விழுந்தன. அதற்கு இனிப்பான ஒரு சிரப் கொடுத்து வயிற்றைப் போகவைக்கிறார்கள். கெட்டது அந்த வழியாக வெளியேறும். அன்று நான் செல்வியைப் பார்த்து, "சிப்ஸ் நல்லது" என்றேனாம்.

மகள் திவ்யா தினமும் ஒரு தாளில் என்னைப் பெயர் எழுதச் சொன்னாள். அவள் படித்தது மலையாளத்தில், தமிழ் எழுத்துகள் அவளுக்குப் படம் மாதிரிதான். என் பழைய கையெழுத்தைப் பக்கத்தில் வைத்து, வளைவு வளைவாக ஒப்பிட்டு, "இன்னிக்கி இந்தச் சுழி வந்தாச்சுப்பா" என்பாள். பட்டாள அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரியில் பெரிய பில் எதுவும் எங்கள் கையில் வரவில்லை. ஆனால் பாலிகிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் காலாவதியாகும் போதெல்லாம் திருப்பூணித்துறையில் கண்ணாடிக் கடை வேலையை விட்டு அவள்தான் அலைந்தாள். ஒருநாள் வெளியே தாழ்வாரத்தில், தன் ஈரலில் ஒரு பகுதியை எனக்குக் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "முதலில் அவர் பல மாதங்கள் தொடாமல் இருந்து காட்டட்டும். தொட்டால் யார் ஈரலும் பயனில்லை" என்றார் அவர்.

ராஜன் இருக்கிறார், காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெளிவு வந்துகொண்டிருந்த ஒரு காலையில், பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் மஞ்சள், உதடு கிழிந்திருந்தது, உடம்பு முழுக்க உதறல். பின்னால் ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு வந்தாள். அந்த முகம் ராஜனுடையது என்று எனக்கு உறைக்க நேரம் பிடித்தது.

தொடர்ந்து குடித்துவிட்டு, திடீரென்று நின்றுபோனால், இத்தனை நாள் மதுவால் அமுக்கிவைத்திருந்த நரம்புகள் ஒரேயடியாகத் துள்ளும். வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். அதனாலும் ஆள் சாகலாம். ராஜன் கட்டிலின் கம்பியைக் கைப்பிடியாகப் பற்றி வாயருகே முஷ்டியை வைத்துக்கொண்டு கத்தினார்.

"டைகர், டைகர்! கேக்குதா? ஓவர்!"

நிறுத்திக் காது கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். பதில் வராத ஒவ்வொரு முறையும் உடம்பு கூடுதலாக உதறியது. நர்ஸ்கள் கைகளைத் துணியால் கட்ட வந்தார்கள். நான் என் கட்டிலிலிருந்து சொன்னேன்: "டைகர் பேசறேன். கேக்குது. ஓவர்."

அவர் உடம்பு அப்படியே நின்றது. "ஆளுங்க எறங்கியாச்சா? ஓவர்."

"எல்லோரும் இறங்கியாச்சு. ஓவர்."

"நீ ஆரு? ஓவர்."

"கிளார்க்."

"கிளார்க்குக்கு எந்தா வயர்லெஸ்ல வேல? வைடா கீழ!"

வார்டு முழுக்கச் சிரித்தது. அவர் மனைவி ஷீலாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

அவர் தெளிந்த பிறகு முகம் திருப்பி என்னைப் பார்த்தார். செல்வி எனக்குச் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்தப் பை, சாப். சேச்சி தந்தது. கையில வாங்கினப்பவே தெரியும். அந்த கனம் எனக்குத் தெரியாதா? பாலத்துல வச்சுத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஷீலாகிட்ட குடுத்திருக்கலாம். கோட்டா சாதனமல்லே, வெறுதே தூக்கி எறியறதா, நாளைக்கி ஆருக்காவது உதவும்னு நெனச்சேன். கட்டிலுக்கடியில வச்சேன்."

செல்வியின் கையில் பிளாஸ்க் நின்றது. "ஏன், நீங்க குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே அவளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.

"நீங்க ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள்.

"சொல்லக் கூடாது சேச்சி" என்றார் ராஜன். "அது நியமம். சாப் நியமம் மீறாத ஆள்."

செல்வி ஷீலாவின் பக்கம் போய் நின்றாள். சாயாவை நீட்டினாள். ஷீலா, "சேச்சி ஒண்ணும் பறையண்டா. நல்ல மனசு வச்சுத் தந்ததுதானே" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஆனால் சாயாவை வாங்கவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக் கட்டிலின் மறுபக்கம் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அங்கிருந்த கடைசி நாள்வரை அவள் எங்கள் பிளாஸ்கைத் தொடவில்லை.

ராஜன் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். போகும்போது சல்யூட் வைத்தார். "இன்னிக்கி இன்னும் குடிக்கல" என்றார். அந்த வாரத்துக்குள்ளேயே அவர் மறுபடி குடித்துவிட்டார் என்று ரத்தம் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் வந்து சொன்னார். மாடிக் கூட்டத்துக்கும் அவர் போகவில்லை.

நான் வீடு வந்த அன்று செல்வி பீரோவைத் திறந்து மிச்சமிருந்த பாட்டில்களைக் குளியலறைக்கு எடுத்துப்போனாள். முதல் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். எங்கள் வீடு சிறியது. வாசனை கட்டிலுக்கு வந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கதவிடுக்கில் என் முகத்தைப் பார்த்தவள் மூடியைத் திருகிவிட்டு, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"யாருக்காவது குடுத்திரலாம்னுதான் போனேன்" என்றாள். "ஓரோருத்தனப் பாக்கறப்பவும் அவன் பொண்டாட்டி மொகம்தான் வருது. படகுத் துறைக்கிட்டப் போயி காயல்ல ஊத்தினேன். ஒருத்தன் நின்னு, 'பிராந்தாணோ நிங்களுக்கு'ன்னு சத்தம் போட்டான். எனக்குப் பைத்தியம்தான்னு சொல்லிட்டேன்."

அதன் பிறகு நான் கேன்டீனுக்குப் போகவில்லை. தொடவும் இல்லை. இதை வெற்றி என்று யாரும் நினைக்க வேண்டாம். சாயங்காலம் கை நடுங்கும்போது அழைக்க இப்போது எனக்கு எண் இல்லை. எண் இருக்கிறது. அழைத்தால் எடுப்பவர் என்னைவிட மோசமாக இருக்கிறார்.

கடைசியாகச் செல்வியோடு மறுபரிசோதனைக்குப் போனபோது, அவள் சீட்டு வாங்க வரிசையில் நின்ற நேரம், வெளிநோயாளிகள் பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். திரும்பாமலே தெரிந்தது. சட்டையிலிருந்து, மூச்சிலிருந்து, தோலிலிருந்தே அந்த வாசனை வந்தது.

"கிளார்க் சாப்" என்றார் ராஜன். வயிறு ஊதியிருந்தது, கழுத்து எலும்புகள் தனியாகத் தெரிந்தன. "தண்ணி எறக்க வந்தேன். ஷீலா அவ வீட்டுக்குப் போயிட்டா. நீங்க?"

"இன்னும் குடிக்கல."

"நல்லது" என்று தலையாட்டினார். "ஒருத்தராவது வேணும்."

நான் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. மூச்சை ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். வாயில் எச்சில் ஊறியது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

உள்ளே டாக்டர் கைகளை நீட்டச் சொன்னார். தட்டவில்லை, நன்றாக இருக்கிறது என்றார். வழக்கம்போலக் கேட்டார்: "குடிக்கணும்னு ஆசை வருதா?"

"வருது சார்."

"கடைசியா எப்ப?"

"இப்ப."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரையை மாற்றவில்லை. அந்த ஆசையை அடக்கும் மாத்திரைகளை என் ஈரல் தாங்காது என்று முன்பே சொல்லியிருந்தார். "தனியா இருக்காதீங்க" என்றார்.

வெளியே வந்தேன். நான் விட்டுவந்த இடத்தில், ராஜனின் ஒரு பக்கத்தில், செல்வி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் கொண்டுவந்த தயிர்சாத டப்பாவை அவர் மடியில் திறந்து வைத்திருந்தாள். அவர் கை நடுங்கிப் பருக்கைகள் வேட்டியில் சிந்தின. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். "மெல்ல சாப்பிடுங்க ராஜன், ஒருத்தரும் புடுங்க வரல" என்றாள். அவர் என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று மறுபக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

நான் உட்காரவில்லை. போகவும் இல்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரில், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.